விளக்குக்கு வந்த அந்துப்பூச்சி புதிய இனம்தான் என்று எப்படி முடிவாகிறது?

கேள்வி இதுதான்: வெப்பமண்டலக் காடு ஒன்றில் இரவு விளக்குக்கு வந்த அந்துப்பூச்சியைப் படமெடுத்திருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. இது அறிவியலுக்கே புதிய இனமாக இருக்குமா, இருந்தால் அதற்கு எப்படிப் பெயர் வைப்பது?

புதிதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பூச்சி கிடைக்க ஒரு நல்ல இரவு போதும். இதுவரை பெயர் பெற்ற எந்தப் பூச்சியும் இது இல்லை என்று காட்டுவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும். புதிய இன விவரிப்பு என்றதும் எல்லோரும் புதிய பூச்சியையே நினைக்கிறார்கள். அதை எழுதுபவர் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுவது பழைய பூச்சிகளோடுதான்.

முதலில் அளவைப் பாருங்கள். 2011-இல் வெளியான உலகளாவிய தொகுப்பின்படி, வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்த வரிசையில் பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,57,000. அதில் வண்ணத்துப்பூச்சிகள் பத்தொன்பதாயிரத்துக்குள் அடங்கிவிடும். மீதி எல்லாம் அந்துப்பூச்சிகள். ஜியோமெட்ரிடே என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் சுமார் 23,000 இனங்கள். கையில் எடுத்துப் புரட்டக்கூடிய வழிகாட்டி நூல்களில் இவற்றில் மிகச் சிறிய பங்குதான் படத்தோடு இருக்கிறது. ஆகவே யாருக்கும் பெயர் தெரியவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைப் படித்தவர் கண்ணில் படம் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம்.

எந்தக் குடும்பம் என்பதைப் பொறுத்து வாய்ப்பும் வெகுவாக மாறும். பருந்து அந்துப்பூச்சிகள் என்கிற ஸ்பிஞ்சிடே குடும்பத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இறகு விரிக்கும் ஒன்றைப் பிடித்துவிட்டுப் புதிய இனம் என்று சொன்னால் நான் சந்தேகப்படுவேன். இருநூறு ஆண்டுகளாகச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு தேடிய கூட்டம் அது. அதுவே கெலிக்கிடே போன்ற குடும்பத்தைச் சேர்ந்த, அரிசி நீளம்கூட இல்லாத பழுப்புப் பூச்சி என்றால், பெயரில்லாத இனமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. படமெடுப்பவர்கள் அழகான பெரிய பூச்சியின் பின்னால் போகிறார்கள். புதியவை விளக்குத் திரையின் ஓரத்தில் தூசி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

இனி பழைய பெயர்களின் சங்கதி. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கான கணக்கு 1758-இல், ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸிலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து விதிகளுக்கு உட்பட்டு வெளியான ஒவ்வொரு பெயரும் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. வெப்பமண்டல அந்துப்பூச்சிகளில் வேலை செய்பவர் யாரும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வாக்கரைத் தாண்டிப் போக முடியாது. 1854 முதல் 1866 வரை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து அவர் வெளியிட்ட பட்டியல் 35 பகுதிகள் கொண்டது. உலகின் பல மூலைகளிலிருந்து கப்பலில் வந்த பூச்சிகளுக்குச் சில வரி இலத்தீன், கொஞ்சம் ஆங்கிலம், படம் எதுவும் கிடையாது என்ற முறையில் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்துக்கொண்டே போனார். ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர் கொடுத்ததும் உண்டு. "சாம்பல் கலந்த பழுப்பு, முன்னிறகில் இரண்டு மங்கிய கோடுகள்" என்கிற பாணியில் எழுதப்பட்ட விவரணை இன்று நூறு இனங்களுக்குப் பொருந்தும். வாசித்துப் பயனில்லை. அவர் எந்தப் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினாரோ, அந்தப் பூச்சியையே பார்க்க வேண்டும்.

அந்தப் பூச்சிதான் வகைமாதிரி. ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்ற சண்டை வந்தால் கடைசித் தீர்ப்பு விவரணைக்குக் கிடையாது, ஊசியில் குத்தி வைத்திருக்கும் அந்த ஒற்றை உடலுக்குத்தான். வெப்பமண்டலப் பூச்சிகளின் பழைய வகைமாதிரிகள் பெரும்பாலும் வெப்பமண்டலத்தில் இல்லை. லண்டன், பாரிஸ், பெர்லின், லைடன், வியன்னா, வாஷிங்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. வால்டர் ராத்ஸ்சைல்ட் இங்கிலாந்தின் டிரிங் நகரத்தில் சேர்த்து வைத்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அவர் 1937-இல் இறந்த பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது பல நிறுவனங்கள் நல்ல படங்களை இணையத்தில் ஏற்றுகின்றன, பழைய இதழ்களும் பல்லுயிர் மரபு நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இது நினைத்துப் பார்க்க முடியாத வசதி. ஆனாலும் சில வகைமாதிரிகளை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

போய்ப் பார்த்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. வயிற்றுப் பகுதியை வண்டுகள் தின்றிருக்கும். இன்னும் மோசம், எப்போதோ யாரோ உடைந்த பூச்சிக்கு வேறொரு பூச்சியின் வயிற்றை ஒட்டி வைத்திருப்பார்கள். பழைய ஆசிரியர் ஒரே பெயருக்கு நான்கைந்து பூச்சிகளை ஆதாரமாக வைத்து, அவை இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று பின்னால் தெரியவருவதும் உண்டு. அப்போது அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'லெக்டோடைப்' என்று அறிவித்துப் பெயரை அதனோடு கட்டிப்போட வேண்டும். இந்தத் துப்புரவு வேலையை முடிக்காமல் புதிய பெயர் வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் அடுத்த தலைமுறையில் மாற்றுப்பெயர்ப் பட்டியலில், அதாவது ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்கு வந்த கூடுதல் பெயர்களின் வரிசையில், போய் உட்காரும், அதைச் சரிசெய்யும் வேலை வேறு யார் தலையிலோ விழும். குடும்ப எல்லைகளும் இடம் மாறியிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். இன்று எரிபிடே என்று சொல்லும் பெரிய கூட்டத்தின் கணிசமான பகுதி பழைய நூல்களில் நாக்டுயிடே தலைப்பின் கீழ் இருக்கும். இன்றைய குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய இனங்களில் நிறைய காட்டில் கண்டுபிடிக்கப்படுவதில்லை. அருங்காட்சியக இழுப்பறையில், "இனம் தெரியாதவை" என்ற வரிசையில் ஏற்கெனவே காத்திருக்கின்றன. 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பல்வேறு உயிரினக் குழுக்களில் மாதிரி எடுத்ததற்கும் அது புதிய இனமாக வெளியாவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் போகின்றன என்று கணக்கிட்டது. வெப்பமண்டலத்தில் இதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. விளக்குப் பொறிகளில் விழும் இனங்களில் பெரும்பங்கு ஒற்றைப் பூச்சியாகவே வரும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, இது தனி இனமா அல்லது தெரிந்த இனத்தின் விசித்திரமான உருவமா என்று யாரும் துணிந்து சொல்லமாட்டார்கள். இரண்டாவது கிடைக்கட்டும் என்று எடுத்து வைப்பார்கள், வைத்தவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

அந்தத் தயக்கம் சரியானதே. செதில் உதிர்ந்த இறகு நிறத்தையே மாற்றிக் காட்டும். பல இனங்களில் ஆணும் பெண்ணும் அடையாளமே தெரியாத அளவுக்கு வேறுபடுகின்றன. இரண்டையும் தனித்தனி இனங்களாக விவரித்த கதைகள் இந்தத் துறையில் ஏராளம். மழைக்காலத் தலைமுறையும் வறட்சிக்காலத் தலைமுறையும் நிறத்தில் வேறுபடலாம். இறகின் கோலம் சந்தேகத்தைக் கிளப்பும், சந்தேகத்தைத் தீர்க்காது.

தீர்ப்பு சொல்லும் உறுப்பு பெரும்பாலும் வயிற்றின் நுனியில் இருக்கிறது. அந்துப்பூச்சி வகைப்பாட்டில் இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. உலர்ந்த பூச்சியின் வயிற்றை முழுவதுமாகக் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். அவசரமென்றால் வெந்நீரில் வைத்துச் சிறிது நேரம் சூடாக்குவதும் உண்டு. தசையும் கொழுப்பும் கரைந்து, கெட்டியான கைட்டின் பகுதிகள் மட்டும் நிற்கும். மெல்லிய தூரிகையால் ஆல்கஹாலில் செதில்களைத் துடைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். ஆணில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு மடல்கள், அவற்றுக்கு மேலே கொக்கி போன்ற அன்கஸ், நடுவே ஆண்குறி. ஆண்குறிக்குள் மடங்கியிருக்கும் மெல்லிய பையை மிக நுண்ணிய ஊசிக்குழாயால் நீரைச் செலுத்தி வெளியே புரட்டினால், அதன்மேல் முட்கள் தெரியும். அந்த முட்களின் எண்ணிக்கையும் இடமும் மட்டுமே இரண்டு இனங்களைப் பிரிக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. பெண்ணில் விந்துப் பை, அதன் குழாய், பையின் சுவரில் இருக்கும் கெட்டியான தழும்பு. தகட்டுக்குக் கொடுக்கும் எண்ணையே பூச்சியின் ஊசியிலும் சீட்டாகக் குத்திவிட வேண்டும். அது விட்டுப்போனால் இரண்டுமே பயனற்றவை.

இந்த உறுப்புகள் ஏன் இனத்துக்கு இனம் இவ்வளவு மாறுகின்றன? ஆண் சாவி, பெண் பூட்டு, வேறு இனத்தோடு கூட முடியாதபடி அமைந்தவை என்று 1844-இல் லியோன் டூஃபோர் சொன்னார். வெகுகாலம் அதையே எல்லோரும் ஏற்றார்கள். 1980-களில் வில்லியம் எபர்ஹார்டு, பெண் செய்யும் தேர்வுதான் இந்த உறுப்புகளை இவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்று வாதிட்ட பிறகு காற்று அந்தப் பக்கம் திரும்பியது. காரணம் எதுவானாலும் வகைப்பாட்டாளருக்கு ஆதாயம்தான்: வெளியே ஒன்றுபோல இருக்கும் பூச்சிகள் இங்கே பிரிந்துவிடுகின்றன. சில பேரினங்களில் இங்கும் பிரிவதில்லை, அப்போது திண்டாட்டம்.

டி.என்.ஏ. இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். 2003-இல் பால் ஹெபர்ட்டின் குழு முன்வைத்த பார்கோடு முறை, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளமான துண்டை ஒப்பிடுகிறது. ஒரு காலை மட்டும் எடுத்தால் போதும், பூச்சி முழுதாகவே இருக்கும். நூறாண்டு பழைய வகைமாதிரியின் காலிலிருந்துகூடச் சிறு துண்டுகளாகப் படித்து எடுக்க முடிகிறது. வாக்கர் விட்டுப்போன குழப்பங்களுக்கு இதைவிட நல்ல மருந்து வரவில்லை.

ஆனால் அது தரும் எண்ணை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் தனி இனம் என்று சிலர் பேசுவது வெறும் கைக்கணக்கு. அந்த மரபணு தாய்வழியாக மட்டும் இறங்குவது. வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஒரு இனத்துக்குள் பரவினால் மைட்டோகாண்ட்ரியாவின் வரலாறும் அதோடு திரிந்துபோகும். ஒரே இனம் இரண்டாகத் தெரியலாம், இரண்டு இனம் ஒன்றாகவும் தெரியலாம். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டேயில் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் கம்பளிப்புழுக்களை வளர்த்துச் சேர்த்த மாதிரிகளை வைத்து, அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜெரேட்டர் என்ற ஒரே பெயருக்குள் பத்து இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று 2004-இல் ஒரு கட்டுரை வந்தது. அது ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சி, ஆனால் பாடம் அந்துப்பூச்சிக்கும் ஒன்றே. இரண்டே ஆண்டுகளில் அதே தரவை மறு ஆய்வு செய்த ஒருவர், மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்று எழுதினார். 2004 கட்டுரையின் வலிமை பார்கோட்டில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது, அந்தப் புழுவின் நிறம் என்ன என்ற பல ஆண்டுக் குறிப்புகள் அதற்குத் துணை நின்றன. 2021-இல் அதே நாட்டின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய இனங்களைப் பெரும்பாலும் பார்கோட்டை மட்டுமே வைத்து விவரித்தபோது துறையே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. இவ்வளவு இனங்கள் அழிவதற்குள் எல்லாவற்றையும் அறுத்துப் பார்க்க நேரமில்லை என்கிற, அந்தக் குளவிகளை விவரித்தவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் உறுப்பும் மரபணுவும் வாழ்முறையும் ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் நான் நம்புவேன்.

எல்லாம் சேர்ந்தாலும் இனம் என்பது ஒரு கருதுகோள்தான். டார்வின் 1862-இல் மடகாஸ்கரின் ஆர்க்கிட் ஒன்றின் மிக நீண்ட தேன்குழலைப் பார்த்து, அதற்கு ஈடான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி இருக்க வேண்டும் என்று ஊகித்த கதை எல்லோருக்கும் தெரியும். 1903-இல் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும் அதை விவரித்தார்கள். அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் அதைத் தனி இனமாக வைக்கவில்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வாழும், வாக்கர் 1856-இல் பெயரிட்ட சாந்தோபான் மோர்கனியின் துணை இனமாக, 'பிரெடிக்டா' என்று வைத்தார்கள். உறிஞ்சுகுழல் நீளம், உருவ வேறுபாடுகள், பார்கோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டு அதைத் தனி இனமாக உயர்த்தியது 2021-இல். உலகின் மிகப் புகழ்பெற்ற அந்துப்பூச்சிக்கே 118 ஆண்டுகள் பிடித்தன.

இத்தனையையும் தாண்டி வந்துவிட்டால் விவரணை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கேட்பவை கறாரானவை, ஆனால் குறைவு. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000 முதல் அமலில் இருக்கிறது. பெயர் புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வகைமாதிரியைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும், இன்று எல்லோரும் 'ஹோலோடைப்' என்ற ஒற்றைப் பூச்சியையே தேர்கிறார்கள். அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுத வேண்டும். பிற இனங்களிலிருந்து இதைப் பிரிக்கும் பண்புகளைச் சொற்களில் தர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் கட்டுரையின் உயிர். பூச்சியின் தலை முதல் வால் வரை நான்கு பக்கம் வர்ணித்துவிட்டு, நெருங்கிய இனத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒன்றரை வரி கொடுக்கும் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு வரும்போது நான் திருப்பி அனுப்பிவிடுவேன். விதி ஹோலோடைப் ஒன்றோடு திருப்தியடையும், ஆனால் இரு பாலும் சேர்ந்த துணை மாதிரிகள் பத்து இருந்தால் வேறுபாடு எவ்வளவு வரை போகும் என்று காட்ட முடியும்.

பூச்சியே இல்லாமல் படத்தை மட்டும் வைத்துப் பெயரிட முடியாதா என்றால், விதி அதை முழுவதுமாக அடைக்கவில்லை. 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் புகைப்படங்களை மட்டும் கொண்டு விவரித்தார்கள், பெயரும் நிற்கிறது. அதைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பு இன்னும் அடங்கவில்லை. அந்துப்பூச்சிகளில், மேலே சொன்ன காரணங்களால், இந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வயிற்றைத் திறக்க முடியாத வகைமாதிரி இன்னொரு வாக்கர் புதிர்தான்.

பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பேரினத்துக்குள் வேறு எந்த இனத்துக்கும் அது இருக்கக் கூடாது. லின்னேயஸ் காலத்துப் பழக்கத்தில் ஜியோமெட்ரிடே பெயர்கள் 'ஆரியா', 'ஆட்டா' என்றும், டார்ட்ரிசிடே 'ஆனா' என்றும், சிறு டினியிடே 'எல்லா' என்றும், பைராலிடே 'ஆலிஸ்' என்றும் முடியும். இன்று அது கட்டாயமில்லை, ஆனால் பெயரைக் கேட்டதும் குடும்பம் தெரிவது எனக்குப் பிடிக்கும். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. யாரும் செய்வதில்லை, செய்தால் சிரிப்பார்கள். பூச்சியைக் கண்டெடுத்தவர் பெயரை விவரிப்பவர் வைப்பது சகஜம், உங்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: மனதில் வைத்திருக்கும் பெயரை முன்கூட்டியே எங்கும் எழுதிப் பரப்பாதீர்கள். அப்படி வெளிவந்த பெயருக்கு விதியின் கண்ணில் மதிப்பில்லை, குழப்பம் மட்டும் மிஞ்சும். கட்டுரை சூடாக்ஸா, சூகீஸ் போன்ற இதழ்களில் வரலாம். மின்வடிவில் மட்டும் வெளியாவதை 2012-இல்தான் விதி ஏற்றது. அதற்கும் சூபேங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். இதைத் தவறவிட்டதால் செல்லாமல் போன பெயர்கள் உண்டு.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. படத்தின் மூலக் கோப்பைத் தேதி, நேரம், இடத்தின் துல்லியமான ஆள்கூறுகள், கடல்மட்ட உயரம், விளக்கின் வகை ஆகியவற்றோடு பத்திரப்படுத்துங்கள். பூச்சி திரும்ப வந்தால் பக்கவாட்டிலும், முடிந்தால் அடிப்பக்கமும், உணர்கொம்பும் தெரியும்படி எடுங்கள். குடும்பம் எது என்று மட்டும் முதலில் கேளுங்கள், பிறகு அந்தக் குடும்பத்தில் அண்மையில் புதிய இனங்களை வெளியிட்டவர் யார் என்று இதழ்களில் தேடி அவருக்கே எழுதுங்கள். உலகம் முழுக்க ஒரு குடும்பத்துக்கு இப்படிச் சிலர்தான் இருப்பார்கள், ஆர்வத்தோடு எழுதுபவருக்குப் பெரும்பாலும் பதில் போடுவார்கள். பிடிப்பதாக இருந்தால் அனுமதி இல்லாமல் பிடிக்காதீர்கள். 2010-இன் நகோயா நெறிமுறைக்குப் பிறகு மரபணு வளம் பற்றிய சட்டங்கள் பல நாடுகளில் இறுகிவிட்டன. அனுமதிச் சீட்டு இல்லாத மாதிரியை நல்ல அருங்காட்சியகம் வாங்காது, நல்ல இதழ் வெளியிடாது, எல்லை தாண்டி ஒரு காலைக்கூட அனுப்ப முடியாது. அனுமதியுள்ள ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அதே இடத்தில் விளக்கு வையுங்கள். நிலவில்லாத, காற்றடங்கிய, புழுக்கமான இரவில்தான் பூச்சி நிறைய வரும். ஆணும் பெண்ணுமாகச் சில கிடைத்தால் மேலே சொன்ன வேலைகளை அவர் தொடங்கலாம்.